நீங்கலாக

நொய் மனுவா? உட்காருங்க. ஏம்மா நிக்கிற, நாற்காலி ஒண்ணும் கடிக்காது, உட்காரு. குடையை அந்த மூலையில வைங்க சார். பத்திரத்து மேல ஒரு சொட்டு விழுந்தாலும் நான் மனுசியா இருக்க மாட்டேன்.

யாரு அனுப்புனா? எதிர்த்த ஜெராக்ஸ் கடைக்காரனா? "எமல்டா மேடம் எழுதுன மனுவை எந்தக் கொம்பனாலயும் உடைக்க முடியாது"ன்னு சொல்லியிருப்பானே. வர்றவன் போறவன் எல்லார்கிட்டயும் அதையேதான் சொல்றான். உண்மைதான். இந்தத் தேன்பாறை சார்பதிவாளர் ஆபீஸ் வாசல்ல முப்பத்தொரு வருசமா பத்திரம் எழுதுறேன். என் எழுத்துல ஒரு பொய் வரி இருக்காது, ஒரு ஓட்டை இருக்காது. நொய் மனுவை இந்த மலையில முதமுதல்ல எழுதுனவளும் நான்தான். ஒரு நாள் அதை உடைக்கணும்னு நானே போய் நின்னேன். என்னாலயே முடியலை.

என்ன சார் வாட்ச்சைப் பார்க்குறீங்க? பஸ் அஞ்சரைக்குத்தான். கேட்டுட்டுப் போங்க. கேட்ட பிறகும் வேணும்னா எழுதித் தர்றேன்.

நீங்க கீழ இருந்து வந்து இடம் வாங்குனவங்க, நொய் தூவுன கதை தெரிஞ்சிருக்காது. ஆபீஸ்ல அதுக்கு வச்ச பேரு நில உணரி மணி. பார்க்க நொய்யரிசி மாதிரி இருக்கும், அதனால நாங்க நொய்னு சொல்லிப் பழகிட்டோம். சரிவுல இருக்குற ஒவ்வொரு மனையிலயும் துளை போட்டு, இருபதடி ஆழம் வரைக்கும் கொட்டுனாங்க. ஒவ்வொரு மணிக்குள்ளயும் உங்க சர்வே நம்பர் இருக்கும், உங்க பேரு இருக்கும். மண்ணு கொஞ்சம் நகர்ந்தாலும் அது ஆபீசுக்குச் சொல்லிரும். நல்ல விசயம்தானே? நானும் அப்படித்தான் நினைச்சேன். அதுக்கு முந்தின மழையில இந்த மலையில எத்தனை வீடு போச்சு, எத்தனை பேரைத் தூக்குனோம்! அதைத் தடுக்கத்தான் கொண்டு வந்தாங்க. கொண்டு வந்தவங்களை நான் குத்தம் சொல்லலை. அதை வச்சு உட்கார்ந்து விதி எழுதுனாங்க பாருங்க, அவங்களைச் சொல்றேன்.

எங்க வீடு மேட்டுத்தெருவுல கடைசி வீடு. நானும் எங்க வீட்டுக்காரரும்தான். லூயிஸ்னு பேரு. புருசன் பேரைச் சொல்றாளேன்னு பார்க்காதீங்க, பத்திரத்துல பேரைத்தானே எழுதணும், எனக்கு அது பழகிப்போச்சு. அரசு பஸ் ஓட்டுனவரு. இருபத்தாறு வருசம் இந்த மலைப்பாதையில பஸ்ஸை ஏத்தி இறக்கியும் ஒருத்தரையும் திட்டாத ஒரே டிரைவர் அவருதான். அவருக்கும் சேர்த்து நான் திட்டிக்குவேன். வீடு எங்க ரெண்டு பேர் பேர்லயும் கூட்டா இருந்துச்சு.

எங்க மனைக்குக் கீழ சோலைராஜன்னு ஒருத்தன் இடம் வாங்குனான். காட்டேஜ் கட்டுறானாம், பதினாலு ரூமு. வந்ததும் மலையோட காலை வெட்டுனான். நட்டக்குத்தலா வெட்டுனான் பாவி. நான் மேல நின்னு கத்துனேன். அவன் கீழ நின்னு, "பெர்மிசன் இருக்குக்கா"ன்னு பேப்பரை ஆட்டிக் காட்டுனான். அடுத்த மழைக்கு எங்க அடுப்படிச் சுவர்ல விரல் நுழையுற அளவுக்கு விரிசல் விட்டுச்சு. அதுக்கடுத்த மாசம் எங்களுக்கு நோட்டீஸ் வந்துச்சு. அவனுக்கில்லை சார், எங்களுக்கு!

நோட்டீசைத் தூக்கிட்டு சரிவு அதிகாரி ஆபீசுக்குப் போனேன். தர்மசீலன்னு ஒரு ஆளு. சின்ன வயசு, இஸ்திரி கலையாத சட்டை. என்னை உட்காரச் சொல்லிட்டு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டுனாரு.

"உங்க மனை இந்த வருசம் ஒன்பது மில்லிமீட்டர் கீழ நகர்ந்திருக்கு மேடம். ஆறுதான் கணக்கு. ஆறுக்கு மேல போனா அது அசையாச் சொத்துல வராது."

"வேற எதுல வரும்?"

"அசையும் சொத்து."

முப்பத்தொரு வருசமா அந்த ரெண்டு வார்த்தையையும் எழுதுறவ நான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "நிலம் எப்படிய்யா அசையும் சொத்தாகும்? நிலம் என்ன ஸ்கூட்டரா?"

"சட்டப்படி இனி ஸ்கூட்டர் மாதிரிதான் மேடம். உங்க பொருள்தான், யாரும் பிடுங்கலை. எங்க போனாலும் உங்க மண்ணு உங்களுக்குத்தான் சொந்தம். ஆனா அது மேல சிமென்ட் வேலை செய்யக் கூடாது. ஓடுற வண்டி மேல யாராவது சுவர் எழுப்புவாங்களா?"

"ஒரு கல்கட்டு கட்டுனா நகராம நிக்கும்ல?"

"கல்கட்டும் கட்டடம்தான். அசையும் நிலத்துல கட்டடம் கூடாது."

"கீழ இருக்குறவன் காலை வெட்டுனதாலதான்யா என்னது நகருது! அவனுக்கு எப்படிக் கொடுத்தீங்க?"

"அவர் இடம் பாறை மேடம். ஒரு மில்லிகூட அசையலை. அசையாத நிலத்துல பத்தடி வெட்டலாம். அவர் பத்தடிக்கு மேல ஒரு அங்குலம்கூட வெட்டலை, அளந்து பார்த்துட்டோம்."

"அவன் வெட்டுனதுதானே காரணம்!"

"காரணத்துக்கு இந்தப் படிவத்துல கட்டம் இல்லை மேடம்."

சிரிக்காம சொன்னாரு. அந்த ஆளு கெட்டவரில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒவ்வொரு விதியாப் பார்த்தா ஒவ்வொண்ணும் சரி. சேர்த்துப் பார்த்தா எங்க வீடு கீழ போறதுதான் மிச்சம். இன்னொரு விதியும் சொன்னாரு. மண்ணு நகருதுன்னு சைரன் அடிச்சதும் வேலியைத் தாண்டி வெளிய போனா, 'தானாக வெளியேறியவர்'னு பதிவாயிரும். திரும்ப உள்ள போகணும்னா ஆய்வுச் சான்று வேணும். ஆய்வுக்கு வர்றதுக்கு ஆளே கிடையாது. எங்க தெருவுல நாலு வீடு அப்படித்தான் பூட்டிக் கிடக்கு. கேட்டா, "நாங்க யாரையும் வெளியேத்தலை மேடம், அவங்களாத்தான் போனாங்க"ன்னு சொல்றாங்க. அதனால நான் லூயிஸ்கிட்ட கறாரா சொல்லிட்டேன். நான் ஆபீஸ் போற நேரத்துல நீங்க வீட்டை விட்டு நகரக் கூடாது, சைரன் அடிச்சாலும் சரி, வானத்துல இருந்து சம்மனசே இறங்கி வந்து கூப்பிட்டாலும் சரி.

"வேற எங்கயாவது போயிருவோம் எமல்"னாரு.

"எங்க போறது? வாங்குறவன் யாரு? ஓடுற நிலத்தை எவன் வாங்குவான்?"ன்னேன். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

இந்தப் போன்லயே நொய் தெரியும், பார்த்திருப்பீங்க. நம்ம மனை பச்சைப் புள்ளியா இருக்கும். ஒரு நாள் காலையில டீயைக் குடிச்சுக்கிட்டே பார்க்குறேன், எங்க புள்ளியில ஒரு கை அளவு தனியாப் பிரிஞ்சு ரோட்டுல போகுது! கொண்டை ஊசி வளைவுல எல்லாம் திரும்பித் திரும்பி இறங்குது. மழையில எங்க மண்ணு சரிஞ்சு சோலைராஜன் இடத்துல விழுந்திருக்கு. அவன் அதை அள்ளி லாரியில போட்டு, எங்கயோ பள்ளம் நிரப்பக் கொண்டு போறான்.

அப்பத்தான் எனக்கு மண்டையில பளிச்சுன்னு அடிச்சுது. அசையாச் சொத்தைத் திருட முடியாது சார். ஆனா அசையும் சொத்தை? ஸ்கூட்டரைத் தள்ளிட்டுப் போனா அதுக்குப் பேரு என்ன? அடிச்சேன் பாருங்க மனு! 'என் கணவர் லூயிஸ் அவர்களுக்கும் எனக்கும் கூட்டாகப் பாத்தியப்பட்ட அசையும் சொத்தாகிய மண்ணை எதிர்மனுதாரர் களவாடி...' இன்ஸ்பெக்டர் முதல்ல சிரிச்சாரு. கோர்ட்ல யாரும் சிரிக்கலை. ஆர்டர் வாங்குனேன். எங்க நொய் இருக்குற மண்ணை எந்த மெஷினும் எங்க ஒப்புதல் இல்லாம தொடக் கூடாது. இப்ப வர்ற ஜேசிபி எல்லாத்துலயும் வாளியில நொய் படிக்கிற கருவி இருக்குல்ல, அதுல நேரா ஆர்டரை ஏத்திட்டாங்க. மறுநாள் சோலைராஜன் ஜேசிபி மண்ணுல வாளியை இறக்குச்சு, அப்படியே நின்னுபோச்சு. ஒரு பொம்பளைக் குரல் தேனாட்டம் பேசுச்சு, "இந்த மண் உரிமையாளரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது. நன்றி."

நான் மேல நின்னு கை தட்டுனேன். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அன்னைக்கு மாதிரி என் வாழ்க்கையில நான் சந்தோசப்பட்டதே இல்லை.

சோலைராஜன் வீடு தேடி வந்தான். வாசல்லயே நிக்க வச்சேன்.

"அக்கா, விழுந்த மண்ணை எடுக்காட்டி தண்ணி வெளிய போக வழி இல்லைக்கா. உள்ளயே ஊறி நிக்கும். ஒரு நாள் மொத்தமா வந்துரும். நான் என் பக்கத்துல சுவர் எழுப்புறேன், எனக்குத் தடை இல்லை. நீங்க ஒப்புதல்னு போன்ல விரல் வச்சா போதும்."

"வெட்டும்போது என்னைக் கேட்டியா?"

"தப்புத்தான்கா."

"தப்புன்னு இப்பத் தெரியுதா? மெஷின் நின்னதும் தெரியுதா? போடா."

"மழைக்காலம் வருதுக்கா."

"வரட்டும். நனை."

அவன் போனதும் உள்ள இருந்து லூயிஸ், "பையன் சொல்றது நியாயமாத்தானே இருக்கு எமல்"ங்குறாரு. எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. இந்த மனுசன் சாயங்காலமானா அவன் ஷெட்டுல உட்கார்ந்து டீ குடிக்கிறவரு. கண்ணைக் கசக்கிக்கிட்டு யாராவது கேட்டா கிட்னியைக்கூட எழுதிக் கொடுத்துருவாரு. நான் ஆபீஸ்ல இருக்கும்போது அவன் வந்து விரலைப் பிடிச்சு வாங்கிட்டா?

மறுநாளே திருத்த மனு போட்டேன். 'மேற்படி ஒப்புதல் உரிமையாளர் இருவரும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் அளித்தால் மட்டுமே செல்லும்.' சோலைராஜன் அதுக்கும் ஒரு வழி பிடிச்சான். படிவத்துல 'அவசரம்'னு ஒரு கட்டம் இருந்துச்சு, அதை அழுத்தி ரெண்டு லோடு எடுத்துட்டான். விடுவேனா? அதையும் அடைச்சேன். 'எக்காரணம் முன்னிட்டும், அவசரம் என்று கூறியும் எடுக்கக் கூடாது.' நீதிபதியே சொன்னாரு, "இவ்வளவு இறுக்கமான மனுவை நான் பார்த்ததில்லை"ன்னு. அந்தப் பாராட்டை லூயிஸ்கிட்ட நாலு தடவை சொல்லிக் காட்டுனேன்.

இந்தாங்க, தண்ணி குடிங்க. இந்தாம்மா, நீயும் குடி.

மூணு நாளா விடாத மழை. நான் இதே நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம். மத்தியானம் ஒண்ணேகாலுக்குப் போன் வருது.

"எமல், சைரன் அடிக்குது."

"அது எப்பதான் அடிக்கலை?" அந்த மாசம் மட்டும் ஆறு தடவை அடிச்சு ஒண்ணும் நடக்கலை.

"இல்ல, இன்னைக்குத் தரை ஒரு மாதிரி முனகுது. வெளிய வந்துரவா?"

"கேட்டைத் தாண்டாதீங்க. தாண்டுனா தானாக வெளியேறியவர்னு எழுதிருவாங்க, வீடு போச்சு. இந்த ஒரு பக்கத்தை முடிச்சுட்டு வந்துர்றேன்."

"சரி"ன்னாரு. நான் எதைச் சொன்னாலும் அவருக்குச் சரிதான்.

நான் அந்தப் பக்கத்தை முடிச்சேன் சார். எழுதி, படிச்சுப் பார்த்து, கையெழுத்துக்கு இடம் விட்டு, முடிச்சேன். அப்புறம்தான் தெருவுல ஆளுங்க ஓடுற சத்தம் கேட்டுச்சு.

நான் போய் நிக்கும்போது மேட்டுத்தெருவுக்குக் கடைசி வீடு இல்லை. கீழ சோலைராஜன் இடத்துல செம்மண்ணு மலையாக் கிடந்துச்சு, எங்க ஓடு ரெண்டு மேல துருத்திக்கிட்டு இருந்துச்சு. சோலைராஜன் ஏற்கெனவே ஜேசிபியைக் கொண்டு வந்துட்டான், அதையும் சொல்லணும். யாரும் கூப்பிடலை, அவனாத்தான் வந்தான். வாளியை இறக்குனாங்க. மெஷின் நின்னுச்சு. அந்தத் தேன் குரல் ஊரே கேக்குற மாதிரி பேசுச்சு. "இந்த மண் சர்வே எண் நானூற்றுப் பன்னிரண்டு பார் ஏழைச் சேர்ந்தது. உரிமையாளர் இருவரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது. நன்றி."

நான் ஓடிப் போய் என் போன்ல கட்டைவிரலை வச்சு அழுத்துனேன்.

"ஒருவர் ஒப்புதல் பெறப்பட்டது. லூயிஸ் அவர்களின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது. நன்றி."

புரியுதா உங்களுக்கு? மண்ணுக்குள்ள கிடக்குறவரு விரல் வச்சாத்தான் மண்ணைத் தோண்டி அவரை எடுக்க முடியும். இருவரும் சேர்ந்து. யாரு எழுதுனா அதை? நான் எழுதுனேன்.

தர்மசீலன் ஜீப்புல வந்து இறங்குனாரு. அவசரம்னு இருக்குற கட்டத்தை அழுத்தோ அழுத்துன்னு அழுத்துனாரு. அது செத்துக் கிடந்துச்சு, அதையும் நான்தானே அடைச்சேன். தலைமை ஆபீசுக்குப் போன் போட்டாரு. நீதிமன்ற ஆணையை நீதிமன்றம்தான் திறக்கணும், மனு கொடுங்க, பத்து வேலை நாளுக்குள்ள பரிசீலிப்போம்னாங்க. மெஷினோட பூட்டை உடைச்சா இன்ஜினே ஓடாதுன்னு ஆபரேட்டர் தலையில அடிச்சுக்கிட்டான். மம்பட்டியை எடுத்துக்கிட்டு சோலைராஜன் ஆளுங்க எல்லாம் மண்ணுல இறங்குனாங்க. சகதி சார். ஒரு மம்பட்டி அள்ளுனா ரெண்டு மம்பட்டி மேல இருந்து வழியுது.

ரெண்டேகால் இருக்கும். தர்மசீலன் என்கிட்ட வந்து குரலைத் தாழ்த்திக்கிட்டு, "ஒரு வழி இருக்கு மேடம். கோவிச்சுக்காதீங்க"ன்னாரு.

"சொல்லுங்க."

"கூட்டு உரிமையாளர்ல ஒருத்தர் இறந்துட்டா, இன்னொருத்தர் ஒப்புதலே போதும். உங்க ஆர்டர்லயே அப்படித்தான் இருக்கு. அவர் இறந்துட்டார்னு நீங்க உறுதிமொழி கொடுத்தா நான் இங்கயே பதிவு பண்ணிருவேன். ரெண்டு நிமிச வேலை."

அறைஞ்சேன். சத்தியமா, அத்தனை பேர் முன்னால அரசு அதிகாரியை அறைஞ்சேன். "உயிரோட இருக்குற மனுசனைச் செத்துட்டான்னு எழுதச் சொல்றியா? முப்பத்தொரு வருசத்துல ஒரு பொய் எழுதலைடா நான்!"

அவரு கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. அது மட்டுமில்லை சார், எனக்குப் பயம். நான் ஒண்ணை எழுதிட்டா அது அப்படியே நடந்துரும்னு ஒரு பயம். நான் எழுதித்தானே இதெல்லாம் நடந்துச்சு?

நானும் கையால தோண்டுனேன். நகம் பிஞ்சு போச்சு. பக்கத்துல சோலைராஜன் முட்டி வரைக்கும் சகதியில நின்னு அள்ளிக்கிட்டு இருந்தான். மணி மூணரைக்கு மேல இருக்கும், மம்பட்டியைப் போட்டுட்டு என் பக்கம் திரும்புனான்.

"அக்கா, எழுதுங்கக்கா. பொய்தானேக்கா? பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும்."

"வாயைக் கழுவுடா. நீ வெட்டுனதாலதான் வந்துச்சு."

"ஆமா, நான் காலை வெட்டுனேன். நீங்க தண்ணியை அடைச்சீங்க. அதுக்கு நாளைக்குச் சண்டை போடுவோம், என்னை வெட்டிக்கூடப் போடுங்க. இப்ப எழுதுங்கக்கா."

அவனைப் பிடிச்சுத் தள்ளிவிட்டேன். சேத்துல உட்கார்ந்தவன் எந்திரிச்சு, மறுபடி அள்ள ஆரம்பிச்சான். அதுக்கப்புறமும் அரை மணி நேரம் நான் வீம்பா இருந்தேன். நாலு பத்துக்கு தர்மசீலன்கிட்ட போனேன். "என் கணவர் லூயிஸ் இறந்துவிட்டார்னு உறுதி கூறுகிறேன்"ன்னு என் வாயால சொன்னேன். விரல் வச்சேன்.

"உங்கள் இழப்புக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல். பணி தொடரலாம். நன்றி"ன்னுச்சு ஜேசிபி.

இருபத்தஞ்சு நிமிசம் சார். அவ்வளவுதான் ஆச்சு. அடுப்படி மேடைக்கும் மேசைக்கும் நடுவுல சின்னதா ஒரு பொந்து மாதிரி இருந்துருக்கு, அதுக்குள்ள உட்கார்ந்த மேனிக்கு இருந்தாரு. ஒரு எலும்பு உடையலை. மூச்சுத்தான் தீர்ந்து போச்சு. டாக்டர் தொட்டுப் பார்த்துட்டு, "ஒரு மணி நேரம் இருக்கும்மா"ன்னாரு. ஒரு மணி நேரம்! ரெண்டேகாலுக்கு அந்த ஆளு என்கிட்ட கேட்டாரு.

அது மட்டும்னா நான் தாங்கியிருப்பேன். கையில போனை இறுக்கிப் பிடிச்சிருந்தாரு. சோலைராஜன்தான் விரலை ஒவ்வொண்ணா விரிச்சு அதை எடுத்து, சேத்தைத் துடைச்சான். வெளிய வந்ததும் போனுக்குச் சிக்னல் கிடைச்சுது. உடனே ஜேசிபி பேச ஆரம்பிச்சுது.

"லூயிஸ் அவர்களின் ஒப்புதல், நேரம் ஒன்று ஐம்பத்திரண்டு. இந்த நபர் காலமானவர் எனப் பதிவாகியுள்ளது. ஒப்புதல் செல்லாது. நன்றி."

உள்ள இருந்தவருக்கு அந்த மெஷின் குரல் கேட்டிருக்கு சார். லூயிஸ் அவர்களின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறதுன்னு அது சொன்னதைக் கேட்டு, இருட்டுல போனைத் தடவி எடுத்து விரல் வச்சிருக்காரு. சிக்னல் இல்லாததால எல்லாம் போனுக்குள்ளயே நின்னுருக்கு. ஒன்று ஐம்பத்தெட்டு, செல்லாது, நன்றி. இரண்டு மூன்று, செல்லாது, நன்றி. பதினேழு தடவை. கடைசி தடவை மூன்று இருபத்தாறு. பதினேழு தடவையும் அந்தச் சனியன் நன்றி சொல்லுச்சு. சோலைராஜன் மம்பட்டிக் காம்பால அந்த ஸ்பீக்கரை அடிச்சு நொறுக்குனான், அப்பத்தான் நின்னுச்சு.

நான் சொன்னதுக்கெல்லாம் சரி சரின்னவரு சார். உள்ள உட்கார்ந்துக்கிட்டும் சரின்னுதான் சொல்லிக்கிட்டு இருந்திருக்காரு.

அழாதம்மா. நீ எதுக்கு அழுகுற?

முப்பத்தொரு வருசத்துல 'நீங்கலாக'ன்னு எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன்! கிணறு நீங்கலாக. நடைபாதை நீங்கலாக. வடக்கே நிக்கிற ரெண்டு பலாமரம் நீங்கலாக. விக்கிறவன் எதைத் தனக்குன்னு வச்சுக்கிறானோ அதைத் தனியா எழுதி வைக்கணும், இல்லாட்டி மொத்தத்தோட போயிரும். இந்தத் தொழில்ல முதல் பாடமே அதுதான். அந்த மனுவுல மண்ணைப் பத்தி எட்டுப் பக்கம் எழுதுனேன். 'உள்ளே மனிதர் இருந்தால் அது நீங்கலாக'ன்னு ஒரு வரி எழுதலை. பலாமரத்துக்கு எழுதத் தெரிஞ்சவளுக்கு லூயிசுக்கு எழுதத் தெரியலை.

இப்பச் சொல்லுங்க சார். மனு வேணுமா? உங்க கீழ இருக்குறவன் மண்ணை அள்ளுறானா? அள்ளுவான். தனித்தனியா ஒப்புதல் போதுமா, சேர்ந்து வேணுமா?

என்னது? சேர்ந்தா? சத்தமாச் சொல்லுங்க. 'இவ இளகின மனசு, யாராவது கெஞ்சிக் கேட்டா விரல் வச்சுருவா'வா?

அட போய்யா! இவ்வளவு நேரம் எந்தக் காதுல கேட்டீங்க? நானும் இதையேதான்யா சொன்னேன், இதே நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு! இல்ல, எந்திரிக்காதீங்க. உட்காருங்க. நான் எழுதாட்டி பக்கத்துக் கடையில போய் எழுதிக்குவீங்க, அவனுக்கு மனுவுல ஓட்டை அடைக்க மட்டும்தான் தெரியும். நானே எழுதுறேன். ஆனா அந்த ஒரு வரியைச் சேர்த்துத்தான் எழுதுவேன். அதை எடுத்துட்டு எழுதச் சொன்னா நடக்காது.

ஆபீஸ்ல எடுத்துக்குவாங்களான்னா? எடுத்துக்க மாட்டாங்க. இதுவரைக்கும் பதினோரு மனுவைத் திருப்பி அனுப்பிட்டாங்க. 'இவ்வரிக்குப் படிவத்தில் கட்டம் இல்லை'ன்னு அதே தர்மசீலன்தான் கையெழுத்துப் போட்டு அனுப்புறாரு. மறுபடி எழுதுறேன், மறுபடி அனுப்புறேன். கை வலிச்சா அவங்களுக்கு வலிக்கட்டும்.

ஏம்மா, இங்க பாரு. உன்னைத்தான் கேக்குறேன், அவரைக் கேக்கலை. பகல்ல அந்த வீட்டுக்குள்ள யாரு இருப்பீங்க? முதல்ல அந்தப் பேரைச் சொல்லு.